வீட்டுக்காரரும் குடியிருந்தவரும்: மலாயாப் போர்ச்சேத இழப்பீட்டில் தோட்டத் தமிழர்

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் ஒரு கிளை ரயில் பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20 மைல். ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பின்னும் மலாக்காவுக்கு ரயில் திரும்பவில்லை. இன்றைக்கும் ரயிலில் வருபவர் பூலாவ் செபாங்கில் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ காரோ பிடித்துத்தான் நகருக்குள் வர வேண்டும்.

1946இல் அந்த மரண ரயில் பாதையின் சயாம் பகுதியைத் தாய்லாந்து அரசுக்கு 12.5 இலட்சம் பவுண்டுக்கு பிரிட்டன் விற்றது. மலாயா, பர்மா, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய இடங்களிலிருந்து ஜப்பானியர் அள்ளிச் சென்ற ரயில் தளவாடங்களுக்கு அது ஈடு என்று கொள்ளப்பட்டது. தண்டவாளத்துக்கு உரிமையாளர் இருந்தார். ஆகவே அதற்கு ஒரு விலையும் இருந்தது. அதே பாதைக்கு மலாயாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போனவர்களில் பாதிப்பேர் அளவுக்குத் திரும்பவில்லை என்றே பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்கள் யாரும் அந்த விற்பனைக் கணக்கில் வரவில்லை.

உயிருக்கான ஈடு பற்றி நம்மிடையே நிறையப் பேசியாகிவிட்டது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதைவிடச் சிறியது: வீட்டுக்கு என்ன ஆயிற்று? போரில் வீடு இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க மலாயாவில் ஒரு சட்டமே இருந்தது. மலாக்காவின் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின், ஆசகான் வட்டாரத் தோட்டங்களில் இருந்த தமிழர்களின் நினைவில் ‘ஜப்பான்காரன் காலம்’ பட்டினியாகவும், ஆள் பிடிப்பாகவும், மரவள்ளிக்கிழங்காகவும் நிற்கிறது. வீட்டுக்கு நட்டஈடு வாங்கிய கதை அதில் இல்லை. ஏன் இல்லை?

இதுவரை சொல்லப்பட்டவை

போர்ச்சேத இழப்பீடு பற்றிய எழுத்துகள் இரண்டு தடங்களில் போகின்றன. ஒன்று, ஏகாதிபத்தியப் பொருளாதார வரலாறு. அங்கே கேள்வி, லண்டன் அரசு எவ்வளவு கொடுத்தது, ரப்பர், ஈயக் கம்பெனிகளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்பது. பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் தொகை போதாது என்று ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். மலாயாவின் டாலர் வருமானத்தில் ஸ்டெர்லிங் வட்டாரமே பிழைத்துக்கொண்டிருக்கும்போது, அதை ஈட்டித் தருபவர்களிடம் கஞ்சத்தனம் காட்டுவதா என்பது அவர்கள் வாதம். வரலாற்றாசிரியர்கள் இந்தப் பேரத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்தில் தொழிலாளி வருவது பெரும்பாலும் ‘தொழிலாளர் பற்றாக்குறை’ என்ற தலைப்பின் கீழ்தான்.

இன்னொன்று, நம்முடைய நினைவு எழுத்து. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களும், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் திரட்டப்பட்ட வாய்மொழி வாக்குமூலங்களும் இந்தத் தடத்தில் வருகின்றன. இவற்றின் மையம் உயிரும் உடலும்: காலரா, புண், சவுக்கு, காட்டில் விடப்பட்ட பிணம். அது நியாயமான முன்னுரிமை. ஆனால் அதன் விளைவாக, திரும்பி வந்தவர் எந்தக் கூரைக்குத் திரும்பினார் என்ற கேள்வி ஓரத்தில் நின்றுவிட்டது.

வீட்டு நட்டஈடு தமிழர் நினைவில் இல்லாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்களும் இரண்டு. தோட்டப்புறத்தில் குண்டு விழவில்லை. அழிவு பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும்தான். இது ஒன்று. நம்மவர்க்குப் படிப்பறிவு இல்லை, மனுப் போடத் தெரியவில்லை. இது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா நகரம் பெரிய சண்டையின்றியே ஜப்பானியர் கைக்குப் போனது. கடும் சண்டை தெற்கே மூவாரில் நடந்தது. ஆனாலும் இந்த இரண்டு விளக்கங்களும் ஒரு கட்டத்துக்கு மேல் நம்மைக் கொண்டுபோகா. படித்த தமிழனுக்கும் குண்டு விழுந்த இடத்துத் தமிழனுக்கும்கூட அந்தச் சட்டத்தில் வீடு இருந்ததா என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

சட்டம் கண்ட வீடு

போர்ச்சேத ஈடு என்ற கருத்துக்கு முன்மாதிரி பிரிட்டனின் 1941ஆம் ஆண்டுப் போர்ச்சேதச் சட்டம். அது தர்மம் அல்ல, ஒருவகைக் கட்டாயக் காப்பீடு. நாட்டிலுள்ள சொத்துக்காரர் அனைவரும், குண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும், சொத்தின் ஆண்டு மதிப்பில் பவுண்டுக்கு 2 ஷில்லிங் வீதம் ஐந்தாண்டுகள் செலுத்த வேண்டும். மால்கம் டிரஸ்ட்ரம் ஈவ் தலைமையிலான ஆணையம் சேதத்தை இரண்டாகப் பிரித்தது. பழுது பார்க்கக்கூடிய வீட்டுக்குப் பழுதுச் செலவு. முற்றாகப் போன வீட்டுக்கு 1939 மார்ச் மாத விலைவாசிப்படி மதிப்புத் தொகை. போருக்குப் பின் கட்டுமானச் செலவு ஏறியபோது 1939 விலை எந்த மூலைக்கும் போதவில்லை. பிறகு மேல்தொகை சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்த ஆண்டு விலையை அளவுகோலாகக் கொள்வது என்ற இந்தச் சச்சரவு உலகின் எல்லா இழப்பீட்டுத் திட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

மலாயாவில் திட்டம் போருக்குப் பின்புதான் உருவானது. கோரிக்கைகள் பதிவாயின, நீண்ட பேரம் நடந்தது, பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நன்கொடையாகத் தர ஒப்புக்கொண்டது. ஒரு மலாயா டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 17 கோடி டாலர். கூட்டரசும் சிங்கப்பூரும் தங்கள் பங்கைப் போட்டன. ஜப்பானிடமிருந்து கிடைத்த இழப்பீட்டுப் பொருள்களின் மதிப்பும் சேர்ந்தது. 1949இல் போர்ச்சேதச் சட்டம் வந்தது, ஆணையம் அமைந்தது. கோரிய தொகை முழுவதும் யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் தவணை தவணையாகத்தான்.

தொகை போதுமா என்ற விவாதத்தில் ஒரு முன்முடிவு மறைந்துகிடக்கிறது. பிரிட்டனிலும் மலாயாவிலும் வீடு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து. ஈடு பெறுபவர் அந்தச் சொத்தில் உரிமை உள்ளவர். அங்கே படுத்துறங்கியவர் யார், கூரை போனதால் நனைந்தவர் யார் என்று ஆணையம் கேட்கத் தேவையில்லை. பிரிட்டனில் இந்த இடைவெளியை வேறு ஏற்பாடுகள் ஓரளவு நிரப்பின: வாடகைக் கட்டுப்பாடு, நகராட்சி வீடுகள், குண்டில் வீடிழந்தோருக்கான தற்காலிக இல்லங்கள். மலாயாத் தோட்டத்தில் அதை நிரப்ப எதுவும் இல்லை.

மலாக்காவில் மூன்று விதத் தமிழர்

மலாக்காத் தமிழரை ஒரே கூட்டமாகப் பார்த்தால் இந்த இடைவெளி புரியாது. இந்தச் சட்டத்தின் முன் அவர்கள் குறைந்தது மூன்று வகையாக நின்றார்கள்.

முதலாவது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வட்டித் தொழிலில் வந்த நிலமும் கடைவீடும் ரப்பர்த் தோட்டமும் அவர்கள் கையில் இருந்தன. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் அடமான நிலங்கள் அவர்களிடம் மேலும் சேர்ந்தன. கிராண்டு, அடமானப் பத்திரம், கணக்குப் பேரேடு எல்லாம் பெட்டியில் இருந்தன. போர்ச்சேதச் சட்டம் பேசிய பாஷை அவர்களுக்குப் புரியும். அவர்களுக்கு அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. கடன் வாங்கியவர்கள் ஜப்பானிய நோட்டில், அதாவது வாழைமரம் போட்ட அந்தக் காகிதத்தில், கடனை அடைத்துவிட்டார்கள். அப்படி அடைத்த தொகைகளை மறுமதிப்பீடு செய்ய 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம் தேவைப்பட்டது. சொத்துக்காரனின் நஷ்டத்துக்குத் தனித்தனியாக இரண்டு சட்டங்கள் வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, காஜா பேராங் பகுதியின் மலாக்கா செட்டிகள். மலாக்கா சுல்தானகக் காலத்திலேயே வேர்விட்டு, மலாய் பேசி, சைவ வழிபாட்டைக் கைவிடாதிருக்கும் சமூகம். 1781இல் தைவநாயகம் செட்டி கட்டிய பொய்யாத விநாயகர் கோவிலும் அதன் நிலங்களும் அவர்களுடைய பொதுச்சொத்து. கம்போங் செட்டியில் பல வீடுகள் நிற்பது கோவில் நிலத்தில். வீடு என்னுடையது, மண் கோவிலுடையது என்ற இந்த நிலை உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே. வீடு நின்றிருக்கும் வரை பிரச்சினை இல்லை. அது எரிந்தால்தான், மிஞ்சிய வெற்றிடத்தில் யாருக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழும்.

மூன்றாவது, எண்ணிக்கையில் மிகப் பெரியது, லயத்துத் தமிழர்.

லயத்தின் கணக்கு

தோட்டத் தொழிலாளிக்கு வாடகை இல்லாமல் குடியிருப்புத் தர வேண்டும் என்பது காலனியத் தொழிலாளர் சட்டங்களின் நிபந்தனை. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு ஐந்தடித் தாழ்வாரம், பலகைச் சுவர், மேலே தகரம் அல்லது அத்தாப்பு. வரிசையாகப் பத்து, இருபது அறைகள்: இதுதான் லயம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடித்தால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். வேலை உள்ளவரை அறை. வேலை போனால் அறையும் போகும்.

கம்பெனியின் புத்தகத்தில் லயம் ஒரு கட்டடம். ரப்பர் ஆலை, புகைக் கூடம், துரை பங்களா, கிராணி வீடு ஆகியவற்றோடு ஒரே பத்தியில் வரும் சொத்து. கட்டிய செலவு உண்டு, ஆண்டுத் தேய்மானம் உண்டு. ஆகவே லயம் சேதமானால் நஷ்டம் கம்பெனிக்கு. ஈடு கோருபவரும் கம்பெனிதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சட்டம் தன் வழியில் சரியாகவே நடந்தது. அதனால்தான் இதைப் பற்றிக் கோபப்படவும் யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வாதம் உண்டு. குடியிருப்பு கூலியின் ஒரு பகுதி. போர் முடிந்து தொழிலாளி வேலைக்குத் திரும்பியதும் லயத்தைச் செப்பனிட்டு மறுபடி அறை கொடுத்தோம். அவனுக்கு நஷ்டம் எங்கே? பொருளியல் நோக்கில் இது பலவீனமான வாதம் இல்லை. வீட்டு மதிப்பு கூலிக்குள் அடக்கம் என்றால், வீட்டிழப்பு வேலையிழப்பின் ஒரு பகுதி. அதற்குத் தனி ஈடு கேட்க முடியாது. ஆனால் 1942 முதல் 1945 வரை வேலையும் இல்லை, வேலையிழப்புக்கு ஈடும் இல்லை. கம்பெனியின் இழந்த லாபத்துக்கும் இந்தத் திட்டத்தில் ஈடு இல்லை என்று பதில் வரலாம். உண்மை. கம்பெனிக்கு மிஞ்சிய மண் அதன் பேரில் அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியமான மறுப்பு லயத்தின் பின்புறத்தில் இருக்கிறது. கம்பெனி கட்டியது அறையை மட்டும்தான். அறையை வீடாக்கியது குடியிருந்தவர். பின்னால் இழுத்துக் கட்டிய சமையல் சாய்ப்பு, கோழிக்கூடு, ஆட்டுப்பட்டி, கொஞ்சம் கைவளம் உள்ளவரிடம் ஒரு மாட்டுக் கொட்டகை, முருங்கை, கருவேப்பிலை, பாகற்பந்தல். சீட்டுக் கட்டியும் பால் விற்றும் சேர்த்த காசு இவற்றில் போயிருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலைக் கட்டியதும் பெரும்பாலும் தொழிலாளர் வசூல்தான், கம்பெனி நிலத்தில். கம்பெனிக் கணக்கில் இவை எதுவும் கட்டடம் இல்லை. தொழிலாளியிடமோ இவற்றுக்குத் துண்டுச் சீட்டு இல்லை. இரண்டு கணக்குக்கும் நடுவில் விழுந்தது இந்தப் பின்புறம்தான். ஆண்கள் சயாமுக்குப் போனதும், பெண்களும் பிள்ளைகளும் கிழங்கு தேடி அலைந்ததும், பலகையும் தகரமும் கழற்றப்பட்டதும் ஒரே காலத்தில் நடந்தன. குண்டு விழாமலே வீடு போயிற்று.

போர் முடிந்ததோடும் இது நிற்கவில்லை. 1948இல் அவசரகாலம். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் முள்வேலிக்குள் நெருக்கிக் குடியமர்த்தப்பட்டனர். சிதறிக்கிடந்த லயங்கள் இடித்து ஒன்றாக்கப்பட்டன. போரில் தப்பிய பின்புறங்கள் பலவும் அப்போது போயின. அதற்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் அறைக்குப் பதில் அறை கிடைத்துவிட்டதே.

செந்தூல்

‘தோட்டத்தில் குண்டு விழவில்லை’ என்ற விளக்கத்தைச் சோதிக்க, குண்டு நிச்சயமாக விழுந்த ஒரு தமிழர் பகுதியைப் பார்ப்போம். கோலாலம்பூர் செந்தூலின் ரயில்வே பட்டறை மீது 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி–29 விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பானியர் கையில் இருந்த பட்டறையை முடக்குவது நோக்கம். அதைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள். மார்ச் 10 தாக்குதலில் நகரின் சிலாங்கூர் அரும்பொருளகமும் தவறுதலாக அடிபட்டது.

இந்த இரண்டு கட்டடங்களின் பிற்காலம் நமக்குத் தெரியும். பட்டறை மறுபடி கட்டப்பட்டு அடுத்த அரை நூற்றாண்டு ஓடியது. அரும்பொருளகம் இருந்த இடத்தில் 1963 ஆகஸ்டு 31இல் தேசிய அரும்பொருளகம் திறக்கப்பட்டது. ரயில்வே ஊழியரின் குடியிருப்போ ரயில்வேக்குச் சொந்தம். செந்தூல் தமிழரில் படித்தவர்கள் இருந்தார்கள். கிளார்க்கும் ஃபோர்மனும் தொழிற்சங்கக்காரரும் இருந்தார்கள். மனுப் போடத் தெரியாதவர்கள் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தும், தலைக்கு மேலேயே குண்டு விழுந்தும், குவார்ட்டர்ஸ்காரன் அந்தச் சட்டத்தில் வீட்டுக்காரன் ஆகவில்லை. வழக்கமான இரண்டு விளக்கங்களும் இங்கே உடைகின்றன.

ஓர் எதிர்வாதம்: தட்டுமுட்டுச் சாமான்

இந்த முடிவுக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். போர்ச்சேத ஈடு கட்டடத்துக்கு மட்டுமானதல்ல. வீட்டுச் சாமான்களுக்கும் கோரிக்கை வைக்க இடமிருந்தது. நிலம் இல்லாதவனும் தையல் மிஷின், சைக்கிள், பாத்திரம், கட்டில் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே?

கொள்கையளவில் சரிதான். இந்த வழியை அகலத் திறந்துவிட்ட நாடும் உண்டு. மேற்கு ஜெர்மனி 1952இல் கொண்டுவந்த சுமைப் பகிர்வுச் சட்டம், போரில் சொத்துத் தப்பியவர்கள் 1948 ஜூனில் வைத்திருந்த சொத்து மதிப்பில் பாதியை முப்பதாண்டுத் தவணையில் செலுத்த வேண்டும் என்றது. அந்த நிதியிலிருந்து, சொந்த வீடே இல்லாமல் வாடகைக்கு இருந்து குண்டில் எல்லாம் இழந்தவருக்கும் வீட்டுப் பொருள் ஈடு கிடைத்தது. கூரையின் உரிமையாளரும் அதன் கீழ் இருந்தவரும் வேறு வேறு ஆட்கள் என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

மலாயாத் தோட்டத்தில் இந்த வழி அடைபட்டதற்குக் காரணம் தேட அதிகத் தூரம் போக வேண்டாம். சாமான் போனதை நிரூபிக்க, சாமான் இருந்ததை முதலில் நிரூபிக்க வேண்டும். கடை ரசீது, சாட்சி, முகவரி வேண்டும். சயாமிலிருந்து உயிரோடு வந்தவருக்கு 1941இல் தான் இருந்த தோட்டத்திலேயே மறுபடி இடம் கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம். தோட்டத் தமிழரின் சேமிப்பு பெரும்பாலும் நகையாகவும் கால்நடையாகவும் இருந்தது. நகை முதல் ஆண்டிலேயே அரிசியாக மாறிவிட்டது. விற்ற பொருளுக்குப் போர்ச்சேதம் என்று யார் எழுதித் தருவார்? அதற்கு வாங்கிய ஜப்பான் நோட்டு 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் செல்லாக் காசாயிற்று. சேமிப்பு அழிந்தது போரினால்தான். ஆனால் அழிந்த விதம் ‘சேதம்’ என்ற இலக்கணத்துக்குள் அடங்கவில்லை.

இரத்தக் கடனும் இரண்டு கப்பல்களும்

1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் பிரிட்டன் ஜப்பானிடம் இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தது. வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்துகளிலிருந்து போர்க் கைதிகளுக்கு ஒரு தொகை போனது. பிரிட்டிஷ் கைதி ஒருவருக்கு 76 பவுண்டு சொச்சம். அதே பாதையில் அதே காலராவில் கிடந்த தமிழ்த் தொழிலாளி போர்க் கைதி அல்ல, ஆகவே அவனுக்கு இல்லை.

ஜப்பானியர் கொன்றவர்களுக்கு ஈடு கேட்டு மலேசியச் சீனர் அமைப்புகள் 1960களில் எழுப்பிய ‘இரத்தக் கடன்’ கோரிக்கையின் பின்னணியில், 1967 செப்டம்பர் 21இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2.5 கோடி மலேசிய டாலர், பணமாக அல்லாமல் பொருளாக. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து, புதிதாகத் தொடங்கிய தேசியக் கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேசத்துக்கு அது உபயோகமான வரவுதான், அதில் சந்தேகமில்லை. குடும்பங்களின் இழப்பு நாட்டின் சொத்தாக மாறிய விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஜப்பான் தன் மக்களையும் வேறுவிதமாக நடத்தவில்லை. நகோயா விமானத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட குடிமக்கள் தொடுத்த வழக்கை 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போர்க்காலத் துன்பத்தைக் குடிமக்கள் அனைவரும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

வலிகாமமும் வன்னியும்

மலாயாவின் சட்டம் காலனியக் காலத்துப் பழைய கதை, இன்றைய திட்டங்கள் அப்படியல்ல என்று ஒருவர் சொல்லலாம். அதைச் சோதிக்க நமக்கு மிக நெருங்கிய களம் யாழ்ப்பாணம். நெருக்கம் உறவுமுறையில் மட்டும் இல்லை. மலாயா ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிளார்க்காக உழைத்த யாழ்ப்பாணத் தமிழர், ‘மலாயன் பென்ஷன்காரர்’ என்ற பட்டத்தோடு ஊர் திரும்பிக் கட்டிய கல்வீடுகள் குடாநாடெங்கும் இருந்தன. அந்த வீடுகள் பலவும் பின்னாளில் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் இரையாயின. 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த பின்னும் வீடுகள் இடிபட்டன. உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் 2015 வரை பெரும்பாலோர் தம் காணியை எட்டிப் பார்க்க முடியவில்லை. கடலோரத்து மயிலிட்டி விடுபட 2017 ஆயிற்று. இன்னும் விடுபடாத காணிகள் இருக்கின்றன. பத்திரம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

வன்னி இதன் மறுபக்கம். 2009இல் அந்தப் போர் முடிந்தபின் நடந்த வீடமைப்பில் மிகப் பெரியது இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம். வடக்கு, கிழக்கில் அது ‘உரிமையாளரே கட்டுதல்’ என்ற முறையில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய், வங்கிக் கணக்கில் தவணையாக. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது, கூரை ஏறினால் மற்றது. ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. ஒப்பந்தக்காரரை நம்பாமல் குடும்பத்தை நம்பியது இதன் பலம்; 2016இல் முன்வைக்கப்பட்ட 65,000 இரும்பு முன்கட்டு வீடுகள் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, அதைவிட மிகக் குறைந்த செலவில் கல்வீடு கட்டிக் காட்டிய இந்த முறையே எதிர்வாதத்துக்குக் கைகொடுத்தது. பலவீனமும் இதற்குள்ளேயே இருந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கட்டத் தொடங்கியதும் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறின. ஒரு கட்டம் முடியாமல் அடுத்த தவணை வராது. முடிக்கப் பணம் இல்லையென்றால் நகை அடகுக்குப் போகும். கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள் கட்டிய வீட்டோடு கடனையும் சேர்த்துச் சுமந்தன.

‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்குள் நுழைய முடியாதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய மலையகத் தமிழர் அவர்கள். முன்பு லயத்தில் இருந்தவர்கள். வன்னியில் அரசுக் காணியிலோ மற்றவர் காணியிலோ முப்பதாண்டு குடியிருந்தும் பலரிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. வீட்டுத் திட்டத்துக்கோ காணி உரிமைச் சான்று வேண்டும். போரில் மற்றவர் இழந்ததையெல்லாம் இழந்திருந்தும், பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். ஜாசின் லயத்துக்கு 1949இல் நேர்ந்தது கிளிநொச்சிக் குடிசைக்கு 2012இல் நேர்ந்தது.

2025 மார்ச்சில் இலங்கை அரசு வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு ஒரு வர்த்தமானி வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் உரிமை நிரூபிக்கப்படாவிட்டால் அது அரசுக் காணியாகும் நிலை. இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்களும், பத்திரக்காரர் இறந்து வாரிசுகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எங்கே போவார்கள்? உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இந்திய வீட்டுத் திட்டத்தின் மலையகப் பகுதியில் ஒரு மாற்றம் நடந்தது. அங்கே 4,000 லயக் குடும்பங்களுக்கு வீட்டோடு ஏழு பேர்ச் காணியும் சேர்த்துத் தர முடிவாயிற்று. நடைமுறையில் தாமதமும் இழுபறியும் நிறைய. ஆனால் ஒழுங்குமுறை தலைகீழாயிற்று: காணி இருந்தால் வீடு என்பதற்குப் பதிலாக, வீடு தருவதற்காகக் காணி. நான் பார்த்த அளவில், குடியிருந்ததையே உரிமைக்கு ஆதாரமாக ஏற்றுக்கொண்ட அபூர்வமான முயற்சிகளில் இது ஒன்று. இங்கே மலேசியாவில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950களிலும், பின்னர் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் கைமாறியபோதும், குடியிருந்த ஆண்டுகளுக்கு அப்படி ஒரு மதிப்பு தானாகக் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் போராடித்தான் கிடைத்தது.

கோப்புகள்

ஆராய்ச்சி செய்ய விரும்புவோருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. போர்ச்சேதக் கோரிக்கைகளைச் சார்ந்த கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை இதுவரை எடுத்தவர்கள் பெரும்பாலும் தொகைக்காகவே எடுத்தார்கள்: எந்தக் கம்பெனி எவ்வளவு கேட்டது, எவ்வளவு பெற்றது. கட்டடத்துக்கு ஈடு கேட்க வேண்டுமானால் கட்டடத்தைப் பட்டியலிட்டே ஆக வேண்டும். அப்படியானால் மலாக்காத் தோட்டக் கம்பெனிகள் தங்கள் லாபநஷ்டத்துக்காக எழுதிய பட்டியல்களில், 1941இல் எந்த டிவிஷனில் எத்தனை லயம், எத்தனை அறை, தகரமா அத்தாப்பா என்ற விவரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வாய்மொழியிலிருந்து திரட்டுபவர்கள் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்த அறை 1946இல் காலியாகவே இருந்தது என்பதைத் தோட்டம் தோட்டமாகச் சரிபார்க்கத் தொடங்கலாம். தொடங்க வேண்டிய இடமாக நான் சொல்வது ஜாசின் மாவட்டத்தை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து இப்போது உம்பாய், மெர்லிமாவ் தாமான்களில் குடியிருக்கும் எண்பது தாண்டிய சிலரிடமாவது, எந்த லயத்தின் எந்தக் கோடியில் யார் இருந்தார் என்று இன்னும் கேட்க முடியும்.